இடுப்பு பெல்ட்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது?

நமது வீடுகள் பலவற்றில் கதவுக்குப் பின்னாலுள்ள ஆணியில் ஓர் இடுப்பு பெல்ட் தொங்குகிறது. அத்தாவுக்காக வாங்கியது. அவர் பத்து நாள் போட்டார். பிறகு அம்மாவுக்கு இடுப்பு பிடித்தபோது அவர் போட்டார். இப்போது வீட்டில் சாமான் மாற்றும் நாளில் மகன் போட்டுக்கொள்கிறான். மூவரின் இடுப்பளவும் வேறு, வலியின் காரணமும் வேறு. பெல்ட் மட்டும் ஒன்றுதான்.

உத்திரமேரூர் வட்டத்தில் சாலவாக்கத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொண்டால், முதுகை வைத்துத்தான் பிழைப்பு. நடவும் களையெடுப்பும் நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலை. கல்குவாரி, கிரஷர், டிப்பர் லாரி என்று போகிறவர்களுக்குத் தூக்குவதும் குலுங்குவதுமே பொழுது. கொத்தனார், சித்தாள், கல்யாண வீட்டில் தேக்சா இறக்கும் பிரியாணி மாஸ்டர், மேடுபள்ளச் சாலையில் தினமும் இரு சக்கர வாகனத்தில் செங்கல்பட்டு வரை போய்வரும் இளைஞர் எல்லாருக்கும் ஒரு நாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. அன்று மாலையே மெடிக்கல் ஷாப்பில் ‘மீடியமா, லார்ஜா?’ என்ற ஒரே கேள்வியோடு பெல்ட் கைக்கு வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்விகளைத்தான் இங்கே பார்க்கிறோம்.

பெல்ட் என்ன செய்கிறது?

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. ஒவ்வோர் இரண்டுக்கும் நடுவில் மெத்தைபோல ஒரு வட்டு உண்டு. இதைத்தான் மக்கள் டிஸ்க் என்கிறார்கள். ஸ்கேன் அறிக்கையில் அடிக்கடி காணும் ‘எல்-4 எல்-5’, ‘எல்-5 எஸ்-1’ என்பவை கடைசி இரண்டு வட்டுகள். உடலின் மேற்பாதிச் சுமை முழுவதும் அங்கே இறங்குவதால் தேய்மானமும் பிதுக்கமும் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன. வட்டு பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்தினால், புட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் போல வலி இறங்கும். இதற்கு சியாட்டிகா என்று பெயர்.

பெல்ட்டை இறுக்கிக் கட்டும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. வயிற்றுப் பகுதி சற்று அழுந்தி, உள்ளிருக்கும் அழுத்தம் கூடி, முதுகுக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு முட்டுக்கொடுக்கிறது. திடீரென்று குனியவோ திரும்பவோ போனால் பெல்ட் தடுத்து, ‘மெதுவாக’ என்று நினைவூட்டுகிறது. அந்த இடத்தில் வெதுவெதுப்பும் ஒரு தைரியமும் கிடைக்கின்றன. மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் காலங்காலமாக இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வதும் இதே காரணங்களுக்காகத்தான்.

பெல்ட் செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பிதுங்கிய வட்டை அது உள்ளே தள்ளாது. தேய்ந்த எலும்பை வளர்க்காது. நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை எடுக்காது. காந்தம் வைத்த பெல்ட் வேர்வரை குணமாக்கும் என்று விற்பவர்களுக்குக் காசைக் கொடுக்க வேண்டாம்.

‘டிஸ்க் விலகிவிட்டது’ என்ற சொல்லே நம் மக்களைப் பாதி முடமாக்கிவிடுகிறது. முதுகில் எந்த வலியும் இல்லாத மனிதர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வலியே அறியாத 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் வட்டுப் புடைப்பு இருந்தது. தலை நரைப்பது போல வட்டும் வயதாகிறது. அறிக்கையில் ஒரு வரி இருப்பதாலேயே ஆயுளுக்கும் பெல்ட் போட வேண்டியதில்லை. நரம்பை அழுத்தும் பிதுக்கம்கூடப் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வது

உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பேருக்குள்ள நோய் என்பதால் பெல்ட்டைப் பற்றிய ஆய்வுகளுக்கும் குறைவில்லை. அமெரிக்காவில் 160 கடைகளில் சரக்கு தூக்கி அடுக்கும் 9,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது. தினமும் பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகுக் காயத்திலோ வலியிலோ வேறுபாடு இல்லை. பெல்ட் பற்றிய 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய காக்ரேன் தொகுப்பும் 2008இல் ஏறத்தாழ இதையே சொன்னது: வலி வராமல் தடுக்க பெல்ட் உதவுவதாகத் தெரியவில்லை, வந்த வலியைக் குறைப்பதிலும் தெளிவான சான்று இல்லை. 2016இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், சாதாரண கீழ்முதுகு வலிக்கு பெல்ட் கொடுக்க வேண்டாம் என்றது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று முதல் வழிகாட்டுதலை வெளியிட்டபோது, வழக்கமாகச் செய்ய வேண்டாதவற்றின் பட்டியலில் பெல்ட்டையும் இடுப்பை இழுக்கும் டிராக்ஷனையும் சேர்த்தது.

மறுபக்கம் ஒன்று உண்டு. நெதர்லாந்தில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பராமரிக்கும், ஏற்கெனவே முதுகு வலி கண்ட 360 பணியாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வந்தது. வலி இருக்கும் நாளிலும் கடினமான வேலை வரும் நாளிலும் மட்டும் பெல்ட் போட்டவர்களுக்கு, அந்த ஓராண்டில் வலியோடு கழிந்த நாள்கள் குறைந்தன. ஆனால் வேலைக்கு விடுப்பு எடுத்த நாள்கள் குறையவில்லை. நமது அன்றாட வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது இந்த ஆய்வுதான் என்று நமக்குப் படுகிறது. ஊன்றுகோலைப் போல, தேவைப்படும் நேரத்தில் எடுத்து, தேவை முடிந்ததும் வைத்துவிடும் பொருளாக பெல்ட்டை நினைத்தால் அதனால் ஓரளவு பயன் உண்டு.

பெல்ட் போட்டால் முதுகுத் தசை வலுவிழந்துவிடும் என்ற பேச்சும் பரவலாக உள்ளது. சில வாரங்கள் போடுவதால் தசை பலவீனமாகும் என்பது தெளிவாக நிறுவப்படவில்லை. பெரிய தொல்லை, பெல்ட் இல்லாமல் எழவே பயப்படும் மனநிலை. அந்தப் பயத்தில் நடையும் வேலையும் குறைகின்றன, அதனால்தான் உடல் தளர்கிறது.

உண்மையாகவே பட்டை தேவைப்படுகிறவர்கள்

இதுவரை சொன்னது காரணம் தெரியாத சாதாரண இடுப்பு வலியைப் பற்றி. எலும்பு முறிவு, முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்கள், ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மேல் முன்னோக்கி நழுவியிருக்கும் நிலை, வளரும் பிள்ளைகளின் முதுகு வளைவு ஆகியவை வேறு வகை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருந்தால், குளியலறையில் லேசாக வழுக்கி உட்கார்ந்தாலே முள்ளெலும்பு நசுங்கிவிடும். இத்தகையவர்களுக்கு மருத்துவர் எழுதித்தருவது மென்மையான எலாஸ்டிக் பெல்ட் அல்ல. நெஞ்சுவரை வரும் கம்பிச் சட்டம் அல்லது உடலுக்கு அளவெடுத்துச் செய்யும் பிளாஸ்டிக் கவசம். இதை எத்தனை வாரம், எந்த நேரத்தில், படுக்கும்போதுமா என்பதையெல்லாம் மருத்துவரே சொல்ல வேண்டும். நாமாகக் கழற்றவும் கூடாது, நாமாக நீட்டிக்கவும் கூடாது.

மருந்துச் சீட்டில் ‘டெய்லர் பிரேஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தையல்காரரிடம் கொடுத்துத் தைப்பது என்று நினைத்தவர்கள் உண்டு. சார்லஸ் டெய்லர் என்ற நியூயார்க் மருத்துவரின் பெயர் அது. 1860களில் அவர் அதை உருவாக்கியது முதுகெலும்புக் காசநோய்க்காக.

காசநோய் என்றால் நுரையீரல் மட்டும் என்று எண்ணுகிறோம். அது முதுகெலும்பையும் அரிக்கும். எலும்பில் வரும் காசநோயில் ஏறத்தாழ பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. ஒரு காலத்தில் இதற்கு மாதக்கணக்கில் படுக்கையும் மாவுக்கட்டும்தான் சிகிச்சை. 1960களில் கொரியாவின் பூசான் நகரில், மருந்தோடு ஒன்பது மாதம் மாவுக்கட்டு போட்டவர்களையும், மருந்து மட்டும் எடுத்துக்கொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். மாவுக்கட்டால் கூடுதல் பலன் ஏதும் இல்லை. பிறகு நமது சென்னையிலேயே, 1956இல் தொடங்கப்பட்டு இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையம், நோயாளிகளை நடமாடவிட்டு மருந்து மட்டும் கொடுப்பதையும் பெரிய அறுவை சிகிச்சை செய்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட அறிக்கையில், மருந்து மட்டும் எடுத்து நடமாடியவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள். காலம் தாழ்த்தாமல் மருந்தைத் தொடங்குவதுதான் அந்த நோயில் உயிர்நாடி, சட்டம் போடுவது துணைக்குத்தான்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நமது மஹல்லாவில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இடுப்பு வலி என்று ஐந்து மாதம் பெல்ட்டோடு வேலைக்குப் போனார். முதலில் வாய்வு என்றார்கள். பிறகு புத்தூர் கட்டு. அதற்குப் பிறகு ஒருவர் காலால் மிதித்துச் சுளுக்கெடுத்தார். மாலையில் லேசாகக் காய்ச்சல் வருவதையும், லுங்கி தளர்ந்துபோகுமளவு உடல் இளைத்ததையும் யாரும் வலியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டு கால்களும் கனத்துப் படியேற முடியாமல் போன பிறகே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முதுகெலும்புக் காசநோய். ஓராண்டுக்கும் மேல் மருந்து சாப்பிட்டு, அல்ஹம்துலில்லாஹ், இன்று நடக்கிறார். ஆனால் முதுகில் விழுந்த கூன் அப்படியே நின்றுவிட்டது. காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வருகிறது.

ஆகவே, பெல்ட் வாங்கும் முன் பார்க்க வேண்டிய அறிகுறிகளைக் குடும்பத்தில் எல்லாரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடை குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி இருந்தால் ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்பு புற்றுநோய் கண்டவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், விழுந்த பிறகு வலி வந்த முதியவர்கள் ஆகியோரும் அப்படியே. சிறுநீர் கழிக்க வராமல் அடைத்துக்கொண்டாலோ, தன்னறியாமல் சிறுநீரோ மலமோ போனாலோ, தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ, கால் திடீரென்று செயலிழந்தாலோ நாளை வரை காத்திருக்கக் கூடாது. அன்றே 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நரம்புக் கொத்து முழுவதும் நசுங்கும்போது வரும் இந்த நிலையில் மணிக்கணக்கு முக்கியம். ‘காலையில் பார்க்கலாம்’ என்று விட்டதால் ஆயுள் முழுக்கச் சிறுநீர்ப் பையோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

கால்வழிப் பிறந்தவர் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு போகும் என்ற நம்பிக்கை நமது கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அரித்துப்போன எலும்பின் மேல் ஒரு மிதி விழுந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

அளவும் கட்டும் முறையும்

மருத்துவர் சொல்லியோ, கனமான வேலை நாளுக்காகவோ பெல்ட் வாங்குவதென்றால் அளவு நாடாவோடு போவது நல்லது. பேண்ட் அளவைச் சொல்லி வாங்கக் கூடாது. பெட்டியில் எந்த இடத்து அளவு என்று அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் தொப்புள் மட்டத்துச் சுற்றளவு சென்டிமீட்டரில் இருக்கும். பின்பக்கம் முதுகெலும்புக்கு இருபுறமும் கெட்டியான பட்டைகள் செங்குத்தாக இருக்க வேண்டும். கட்டும்போது அவை நடுவில் அமர்கின்றனவா என்று வீட்டிலுள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். பெல்ட்டின் கீழ் ஓரம் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். பலர் அதை விலாவுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிறது என்கிறார்கள்.

பருத்தி பனியனுக்கு மேல் கட்ட வேண்டும். வெறும் தோலில் கட்டினால் நமது ஊர் வெயிலுக்கு இரண்டு நாளில் வேர்க்குரு வந்துவிடும். சர்க்கரை நோயுள்ளவர்கள் தோல் சிவந்திருக்கிறதா, உரசிப் புண்ணாகியிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நின்று, மூச்சை இயல்பாக விட்டு, முதலில் நடுப்பட்டையை ஒட்டிப் பிறகு இரு பக்க இழுவைப் பட்டைகளையும் ஒரே அளவில் இழுத்து ஒட்டலாம். பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரி. கால் மரத்தாலோ மூச்சு வாங்கினாலோ நெஞ்செரிந்தாலோ இறுக்கம் அதிகம். சாப்பிட்டவுடன் கட்டக் கூடாது. குடலிறக்கம், ஆஸ்துமா, இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கட்டவே கூடாது.

வேலை நேரத்தில், பயணத்தில், ஒருமுறைக்கு இரண்டு மணி நேரம் போல வைத்துக்கொண்டால் போதும். படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். வலி தணியத் தொடங்கியதும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சில வாரங்களில் நிறுத்திவிடுவது வழக்கம். பெல்ட் கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் வழக்கத்தைவிடக் கனமான கல்லைத் தூக்குகிற தவறையும் பார்க்கிறோம். பெல்ட் சுமக்கும் திறனைக் கூட்டாது.

பெண்களுக்கு

சிசேரியனுக்குப் பிறகு வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டை வேறு, முதுகு பெல்ட் வேறு. முதலாவது தையல் போட்ட இடத்துக்கு ஆதரவு. அதில் முதுகுக்கான கெட்டிப் பட்டைகள் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் தனி வகை பெல்ட் இருக்கிறது. அது வயிற்றை அழுத்தாமல் கீழிருந்து தாங்கும். கர்ப்பக் காலத்தில் வீட்டில் தொங்கும் சாதாரண பெல்ட்டை எடுத்து இறுக்குவது ஆபத்து.

‘பிரசவத்தில் முதுகில் போட்ட ஊசியால்தான் இருபது வருடமாக வலி’ என்று சொல்லாத பெண்கள் குறைவு. ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். ஆண்டுக்கணக்கான வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே குடம் தூக்குவது, தரையில் குந்தி அமர்ந்து பாத்திரம் தேய்ப்பது, தளர்ந்த வயிற்றுத் தசையைப் பயிற்சியால் மீட்காமல் விட்டது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டுப் பெண்களின் இடுப்பு வலிக்கு ஆண்கள் பெல்ட் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டால் இன்னும் பலன் தெரியும்.

பெல்ட்டும் தொழுகையும்

பெல்ட் அணிந்து தொழலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகத் தொழலாம். உளூவில் கழுவ வேண்டிய உறுப்பு எதையும் அது மறைக்காது. கடமையான குளிப்புக்குக் கழற்றிவிட வேண்டும். எலும்பு முறிவுக்காகப் போட்ட கவசத்தைக் கழற்றவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், மற்ற இடங்களைக் கழுவி, கவசத்தின் மேல் ஈரக் கையால் தடவிக்கொள்ளலாம். ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்முமும் செய்துகொள்ள வேண்டும்.

சிக்கல் நாற்காலியில்தான் வருகிறது. இப்பகுதிப் பள்ளிவாசல்களில் நாற்காலிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறது. இடுப்பு வலி என்றவுடன் தொழுகை முழுவதையும் நாற்காலிக்கு மாற்றிக்கொள்கிறார்கள். மார்க்கம் தந்த சலுகை அப்படி மொத்தமாக எடுத்துக்கொள்வதற்கல்ல. மூல நோயால் துன்பப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி, நிற்க முடிந்தால் நின்று, இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் படுத்துத் தொழுவது. ஒவ்வொரு நிலையிலும் முடிந்ததைச் செய்து, முடியாததற்கு மட்டும் சலுகை எடுப்பது என்பதே ஃபிக்ஹ் அறிஞர்களின் பொது விதி.

மருத்துவமும் இங்கே இதையே சொல்வதைக் கவனிக்கலாம். வட்டு பிதுங்கியவருக்குப் பெரும்பாலும் நிற்பதும் நடப்பதும் சுலபம், குனிவதும் உட்கார்வதும் கடினம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் வலி கூடவே செய்யும். முதுமையில் தண்டுவடக் கால்வாய் சுருங்கியவருக்கு நேர்மாறு. ஐந்து நிமிடம் நின்றால் கால் மரக்கும், முன்னால் குனிந்தால் இதமாக இருக்கும். இவருக்கு ஸஜ்தா கடினமல்ல, நீண்ட கியாம்தான் கடினம். எனவே இரண்டாமவர் முடிந்தவரை நின்று, சுவரிலோ கைத்தடியிலோ சாய்ந்து, பிறகு அமர்ந்து, தரையிலேயே ஸஜ்தா செய்யலாம். தரையில் ஸஜ்தா செய்ய முடிந்தவர் நாற்காலியில் அமர்ந்து சைகையால் செய்தால் தொழுகை நிறைவேறாது. முதலாமவருக்கு ஸஜ்தா உண்மையிலேயே இயலவில்லை என்றால், ஷாஃபிஈ மத்ஹபில் நிற்பது அவர் மீது கடமையாகவே இருக்கும். ருகூஃவையும் ஸஜ்தாவையும் இயன்றவரை குனிந்து செய்வார். ஹனஃபீ மத்ஹபில் ஸஜ்தா செய்ய இயலாதவருக்கு நிற்பது கடமையல்ல, அமர்ந்து சைகை செய்வதே அவருக்குச் சிறந்தது.

ஆகவே மருத்துவரிடம் ‘நான் தொழலாமா?’ என்று கேட்பதைவிட, ‘பத்து நிமிடம் நிற்கலாமா? தரையில் உட்காரலாமா? நெற்றி தரையில் படும்படி குனியலாமா? எத்தனை வாரத்துக்குக் கூடாது?’ என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். அந்த விடைகளைக் கொண்டுபோனால் இமாம் சரியாகச் சொல்வார். வாரக்கணக்கில் தந்த சலுகையை ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கொள்ளவும் தேவையிருக்காது. பெல்ட் குனியவிடாமல் தடுத்தால் தொழுகை நேரத்துக்கு மட்டும் தளர்த்திக்கொள்ளலாம்.

ஹஜ், உம்ரா போகும் ஆண்களுக்கு இஹ்ராமில் பெல்ட் கூடுமா என்ற கேள்வியும் வருகிறது. தைத்த ஆடை கூடாது என்பது சட்டை, பைஜாமா போல உடலின் வடிவத்துக்குத் தைத்த ஆடையைக் குறிப்பது. காசுப் பட்டையை இடுப்பில் கட்டுவதை அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். நோய்க்காகக் கட்டும் பெல்ட்டையும் பலர் அதனோடு சேர்த்தே சொல்கிறார்கள். பரிகாரம் தேவையா என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால், புறப்படும் முன்பே உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெல்ட்டைக் கழற்றிய பிறகு

சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. அதற்காகப் படுக்கையில் கிடப்பது வலியை நீட்டிக்கும். முதல் ஓரிரு நாள் ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், பிறகு வீட்டுக்குள்ளாவது நடை. கட்டாந்தரையில் படுத்தால்தான் முதுகு நேராகும் என்பதும் சரியல்ல. 2003இல் ஸ்பெயினில் 313 பேரிடம் செய்த ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது.

வலி திரும்பி வராமல் காப்பதில் நடைக்கு நல்ல சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப வர 208 நாள்கள் ஆயின. செய்யாதவர்களுக்கு 112 நாள்களில் திரும்பியது. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பது அவர்களின் இலக்கு. ஃபஜ்ர் தொழுகைக்கு வண்டியை எடுக்காமல் நடந்து போய் வருபவருக்கு அதில் பாதி ஆகிவிடும்.

தசைக்கான பயிற்சிகளைக் கைபேசியில் பார்த்துச் செய்வதைவிட இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொள்வது நல்லது. வட்டு பிதுங்கியவருக்கு ஏற்ற பயிற்சி கால்வாய் சுருங்கியவருக்கு ஒத்துக்கொள்ளாது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவும் இயன்முறை சிகிச்சையும் இருக்கின்றன. எழுந்து போக முடியாத பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணில் கேட்கலாம். அளவெடுத்துச் செய்யும் கவசம் தேவைப்படுபவர்கள், தனியாரிடம் பெரும் தொகை கொடுக்கும் முன், சென்னை கே.கே.நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

ஆணியில் தொங்கும் பழைய பெல்ட்டை எடுத்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எலாஸ்டிக் விட்டுப்போயிருந்தால், ஒட்டும் பட்டை பிடிக்காமல் இருந்தால், பின்பக்கத்துக் கெட்டிப் பட்டை வளைந்திருந்தால் அது வெறும் துணிதான், தூக்கிப் போட்டுவிடலாம். நன்றாக இருந்தால் கெட்டிப் பட்டைகளை உருவிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, இது யாருடைய அளவு என்று உள்பக்கம் பேனாவால் எழுதி வையுங்கள்.